திரும்பிப் போகும் காசும் கூரை காணாத வீடுகளும்

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியை விட்டு இறங்கினால் ஒரு கிரவல் ஒழுங்கை வரும். அதன் முடிவில் அந்த வீடு நிற்கிறது. வீடு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அத்திவாரம் இருக்கிறது. நாலு பக்கமும் சுவர் எழும்பி, யன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றுவிட்டது. மூலைத் தூண்களில் நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பிகள் துருப்பிடித்து, மழை பெய்யும்போதெல்லாம் சுவரில் செம்மண் நிறத்தில் கோடு இறங்குகிறது. உள்ளறையில் தானாக முளைத்த முருங்கை இப்போது ஆளுயரத்தைத் தாண்டிவிட்டது. "கூரை போடேக்க வெட்டுவம் எண்டு விட்டது தம்பி, அது இப்ப காய்க்கத் தொடங்கிட்டுது" என்றார் வீட்டுக்கார அம்மா. குடும்பம் பின்பக்கத்தில் தறப்பாளும் பழைய தகரமும் சேர்த்துக் கட்டிய கொட்டிலில் இருக்கிறது. சுவர் முடிந்ததும் அடுத்த கட்டக் காசு வரும் என்று சொன்னார்களாம். சுவர் முடிந்தது. காசு வரவில்லை.

ஒவ்வொரு வருடமும் மார்கழிக் கடைசியில் வன்னியில் இன்னொரு பேச்சு எழும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் யாராவது கோபமாகக் கேட்பார்கள், அடுத்த நாள் பத்திரிகையில் வரும், அப்புறம் தேத்தண்ணிக் கடை வரைக்கும் வந்து சேரும்: "இந்த முறையும் காசு திரும்பிப் போட்டுதாம்." நகர அபிவிருத்திக்கு, வீதிக்கு, சந்தைக் கட்டடத்துக்கு என்று ஒதுக்கியதில் செலவாகாத பங்கு கொழும்பிலேயே நின்றுவிட்டது என்பது அதன் பொருள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முருங்கை மரம்தான் கண்ணுக்குள் வரும். மிஞ்சும் காசைக் கொண்டு நின்றுபோன வீடுகளை முடிக்கக் கூடாதா? யாரைக் கேட்டாலும் "முடிக்கலாம்தானே" என்பார்கள். முடிக்கலாம்தான். ஆனால் இன்றைய ஒழுங்கில் அந்தக் காசு அந்தச் சுவருக்கு வந்து சேர வழியில்லை. வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று விளங்கினால்தான் எங்கே தட்டிக் கேட்பது என்றும் தெரியும்.

உண்மையில் திரும்பிப் போவது எது

அலுவலகங்களில் ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு. இந்த வேலைக்கு இந்த வருடம் இவ்வளவு வரைக்கும் செலவழிக்கலாம் என்று ஒதுக்கீட்டுச் சட்டத்தின் மூலம் பாராளுமன்றம் கொடுக்கும் அனுமதிதான் ஒதுக்கீடு. அது கடதாசியில் இருக்கும் தொகை. கட்டுநிதி என்பது திறைசேரி கையில் தரும் காசு. ஒதுக்கீடு முழுதாக இருக்கும், கட்டுநிதி துண்டு துண்டாக வரும். நெருக்கடியான வருடங்களில் கடைசித் துண்டு மார்கழி நடுப்பகுதியில் வந்து நிற்கும், அல்லது வராமலே போகும். ஆகவே திரும்பிப் போனதாக நாம் சொல்லும் காசில் ஒரு பங்கு, வன்னிக்கு ஒருபோதும் வந்திராத காசு. அதைச் செலவழிக்கவில்லை என்று மாவட்டச் செயலக உத்தியோகத்தரைத் திட்டிப் பயனில்லை. மற்றப் பங்கு அப்படியில்லை. அது வந்திருக்கும், அல்லது கேட்டால் வந்திருக்கும், ஆனால் வேலை முடிந்திராது.

இலங்கையில் நிதி ஆண்டு தை (ஜனவரி) 1 இல் தொடங்கி மார்கழி (டிசம்பர்) 31 இல் முடிகிறது. அந்த இரவோடு அனுமதி காலாவதியாகிவிடும். செலவாகாதது அரசின் பொதுக் கணக்கான திரட்டு நிதியோடு சேர்ந்துவிடும், அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போக முடியாது. வேலை முடிந்தும் பில் கொடுபடாவிட்டால் அந்தக் கடன் அடுத்த வருட ஒதுக்கீட்டின் தலையில் விழும். புது வருடத்துக்குக் கிடைத்த காசில் முதல் பங்கு பழைய பில்லுக்குப் போகிறது என்று உத்தியோகத்தர்கள் அலுத்துக்கொள்வது இதனால்தான்.

கொழும்பில் இருந்து பார்த்தால் மார்கழி 31 வெறும் ஒரு திகதி. வன்னியில் அது மாரியின் உச்சம். ஐப்பசியில் மழை இறங்கினால் மார்கழி முடியும்வரை கிரவல் ஒழுங்கைகளில் லான்ட்மாஸ்ரர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தைத் தவிர வேறு எதுவும் நம்பிப் போகாது. கட்டட வேலைக்கு நல்ல காலம் மாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும். ஆனால் ஒதுக்கீடு கிடைத்து, மதிப்பீடு போட்டு, விலைமனு கேட்டு, அதை ஆராய்ந்து, ஒப்பந்தம் எழுதி முடிக்க ஆடி, ஆவணி ஆகிவிடுகிறது. 2025 இல் வரவு செலவுத் திட்டமே மாசி 17 ஆம் திகதிதான் சமர்ப்பிக்கப்பட்டது, பங்குனி 21 இல்தான் நிறைவேறியது. அந்த மாதிரி வருடத்தில் மிஞ்சும் காலம் எவ்வளவு என்று பாருங்கள். ஒப்பந்தகாரர் கல்லும் மணலும் பறிக்கத் தொடங்கும்போது காலபோக விதைப்பு தொடங்கிவிடும். மேசனும் கையாளும் வயலுக்குப் போய்விடுவார்கள். பிறகு கார்த்திகையில், மழைக்குள், வருடம் முடிவதற்குள் காசைத் தீர்க்க வேண்டும் என்ற அவதியில் கிரவல் கொட்டப்படும். அதில் ஒரு பகுதி பொங்கலுக்கு முன்பே வாய்க்காலுக்குள் போய்ச் சேரும். ஒழுங்கை ஓரத்தில் இருக்கிற எவரும் இதைக் கண்டிருப்பார்கள்.

மிச்சம் கண்ணுக்குத் தெரியும் மாதமும் வீடு கட்டவே முடியாத மாதமும் ஒன்றாக இருப்பதுதான் முதல் முடிச்சு. மார்கழி 20 இல் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது, வீட்டுக்குக் கொடுங்கள் என்று தீர்மானித்தாலும் பதினொரு நாளில், அடைமழைக்குள், எந்தக் கூரையைப் போடுவது?

இரண்டாவது முடிச்சு தலைப்புகளில், அதாவது வரவு செலவுத் திட்டத்தில் ஒவ்வொரு அமைச்சுக்கும் உள்ள தனிக் கணக்குகளில், இருக்கிறது. வீதிக் காசு ஓர் அமைச்சின் தலைப்பில் வருகிறது, நகர அபிவிருத்தி இன்னொன்றில், வீடமைப்பு வேறொன்றில், மாகாணக் குறித்தொதுக்கப்பட்ட அபிவிருத்திக் கொடை (மத்திய அரசு மாகாணத்துக்குத் தரும் அபிவிருத்திக் காசு) மாகாணத்தின் வழியாக, பன்முகப்படுத்தப்பட்ட நிதி பாராளுமன்ற உறுப்பினரின் பெயரில். ஒரே நிகழ்ச்சித் திட்டத்துக்குள் ஒரு வேலையில் மிஞ்சியதை இன்னொரு வேலைக்கு மாற்ற நிதிப் பிரமாணங்கள் இடம் தருகின்றன, உரிய அனுமதி எடுத்தால் போதும். ஒரு அமைச்சின் தலைப்பில் இருந்து இன்னொன்றுக்குத் தாண்டுவது மாவட்டச் செயலாளரின் கையில் இல்லை. பஸ் நிலையத்துக்கு வந்த காசில் மிஞ்சியதை எடுத்து அவர் ஒரு தாய்க்குக் கூரை போட்டுக் கொடுத்தால் அடுத்த வருடம் கணக்காய்வு அவரைத்தான் கேள்வி கேட்கும். மனம் இருந்தாலும் அவர் கை கட்டித்தான் நிற்கிறது.

ஆனால் எல்லா மிச்சமும் மார்கழியில் பிறப்பதில்லை. விலைமனுவில் மதிப்பீட்டை விடக் குறைந்த விலை வந்தால் அந்த மிச்சம் ஒப்பந்தம் எழுதும் அன்றே தெரியும். காணிப் பிரச்சினையாலோ வனவளத் திணைக்களத்தின் ஆட்சேபனையாலோ ஒரு வேலை கைவிடப்பட்டால் அது ஆனியிலோ ஆடியிலோ தெரிந்துவிடும். இந்த இரண்டும் கோடை நடுவில் கிடைக்கும் மிச்சம். பேசப்பட வேண்டியது இதுதான். மார்கழியில் திரும்பிப் போனதைப் பற்றிக் கோபப்படும் நேரத்தில் பாதியை ஆடி மாதக் கூட்டத்தில் செலவழித்தால் எவ்வளவோ நடக்கும் என்பது என் எண்ணம்.

கலிபோர்னியாவில் எழுதி வைத்த பங்கு

இந்தக் கேள்வி எங்களுக்கு மட்டும் உரியதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நகர மீளபிவிருத்தி முகமைகள் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. 1945 இல் அதற்கான சட்டம் வந்தது, 1952 இல் அதன் வருமான வழி உறுதியானது. நலிந்துபோன ஒரு நகரப் பகுதியை எடுத்து, அன்று அங்கிருந்து வரும் ஆதனவரியை ஒரு மட்டத்தில் நிறுத்திவிடுவார்கள். பிறகு அந்தப் பகுதி வளர்ந்து காணி விலை ஏற, கூடுதலாக வரும் வரியின் பெரும் பங்கு முகமைக்குப் போகும். அதைக் கொண்டு அதே பகுதியைத் திருத்துவார்கள். 1970களில் இதோடு ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது: அந்தக் கூடுதல் வரியில் 20 வீதம் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களின் வீட்டுக்கென்று தனியாக ஒதுக்கப்பட வேண்டும். மாநிலம் முழுக்க இது வருடத்துக்குச் சுமார் 100 கோடி டொலர் வரை வந்தது.

மாநில அரசு பணமுடையில் சிக்கியபோது ஆளுநர் ஜெரி பிரவுண் இந்த முகமைகளைக் கலைக்கும் சட்டத்தை 2011 இல் கொண்டுவந்தார். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது, தீர்ப்பு அரசின் பக்கம் விழுந்தது. 2012 மாசி 1 ஆம் திகதி சுமார் 400 முகமைகள் இல்லாமல் போயின. அவை வாங்கிய கடன்களைக் கட்டி முடித்த பிறகு மிஞ்சும் வரிப்பணம் பாடசாலைகளுக்கும் மாவட்ட நிர்வாகங்களுக்கும் நகரங்களுக்கும் பங்கிடப்பட்டது. எறிந்தவன் கைக்கே திரும்பி வருவதால் பூமராங் காசு என்று அங்கே அதற்குப் பெயர். ஆனால் திரும்பி வந்த காசில் அந்த 20 வீத நிபந்தனை இருக்கவில்லை. அது பொது வருமானமாகிவிட்டது, எதற்கும் செலவழிக்கலாம். வீட்டுக்கென்று இருந்த பங்கு கலைப்போடு காணாமல் போய்விட்டது.

அப்போதுதான் சில நகரங்களில் மக்கள் அமைப்புகள் சபைகளைப் பிடித்துக்கொண்டன. இந்தக் காசு மீளபிவிருத்தியில் இருந்து வந்தது, அதில் வீட்டுக்கு உரிய பங்கைத் திரும்பவும் எழுதி வையுங்கள் என்று கேட்டார்கள். ஓக்லண்ட் நகரசபை தனக்கு இப்படித் திரும்பி வரும் காசில் 25 வீதத்தை மலிவு வீடமைப்பு நிதிக்குக் கொடுப்பதாகச் சட்டமாக்கிக்கொண்டது. எழுதி வைக்காத நகரங்களில் அது பொதுச் செலவோடு கரையக்கூடிய காசாகவே இருந்தது.

அங்கேயும் குறை இருந்தது. 20 வீதம் இருந்த காலத்தில் சில முகமைகள் வருடக்கணக்காகப் பணத்தைச் சேர்த்தும், நிர்வாகச் செலவென்று எழுதியும், ஒரு புது வீடுகூடக் கட்டாமல் இருந்தன. பங்கை ஒதுக்குவதோடு வேலை முடிந்துவிடாது, எத்தனை வீடு எந்தத் திகதிக்குள் என்பதும் எழுதப்பட வேண்டும் என்பதை அங்கிருந்தே பார்க்கலாம். எங்களுக்கு எடுக்கக்கூடிய சங்கதி ஒன்றுதான்: காசு மிஞ்சுகிற நாளில் அதற்காகச் சண்டை பிடித்தால் தோற்றுப்போவோம். காசு வருகிற நாளிலேயே வீட்டின் பங்கு எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கொழும்பிலும் கிட்டத்தட்ட இதே யோசனை நடந்திருக்கிறது. நகரத்தின் நடுவில் குடிசைகள் இருந்த காணியை விடுவித்து, அதன் விலையைக் கொண்டு அந்த மக்களுக்கு மாடி வீடு கட்டுவது. 2001 இல் பொரளைப் பக்கம் கட்டிய 671 வீடுகள் கொண்ட சஹஸ்புர அப்படி வந்தது. 2010க்குப் பிறகு நகர அபிவிருத்தி அதிகாரசபை அதையே பெரிய அளவில் செய்தது. அந்த வழி வன்னிக்குப் பொருந்தாது. ஏ9 பெருவீதிக் கரையில் கிளிநொச்சிச் சந்தியை அண்டிய காணிக்கு விலை ஏறியிருக்கிறது, உண்மை. அதைத் தாண்டி ஒரு கிலோமீற்றர் உள்ளே போனால், வேலி இல்லாத அரை ஏக்கரை வாங்கவும் ஆள் இல்லை. அதோடு அரை ஏக்கரில் கிணறும் தென்னையும் கோழியும் வைத்து வாழும் குடும்பத்துக்கு மாடி வீடு எதற்கு? இங்கே காணி பெரும்பாலும் இருக்கிறது. இல்லாதது கூரை.

சுவர்கள் ஏன் லிண்டலில் நின்றன

2009 வைகாசியில் போர் முடிந்தபோது வன்னியில் நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்படும்வரை மக்கள் தறப்பாள், தகரம், பன்னிரண்டு கூரைத் தகடு என்று கொடுத்ததைக் கொண்டு காட்டுக்குள் குடியேறிக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில் ஏ9 அகலமாகிக் கம்பளம் விரித்தது மாதிரி ஆனது, வங்கிகள் கண்ணாடிக் கட்டடங்களில் திறந்தன, 2013 புரட்டாதியில் யாழ்தேவி ரயில் கிளிநொச்சி வரைக்கும் வந்தது. நகரத்தின் முகம் முதலில் கட்டப்பட்டது. அது தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. வைத்தியசாலைக்கு ஓட வீதி வேண்டும், நெல்லை விற்கச் சந்தை வேண்டும். முகத்தோடு சேர்ந்து உடம்பும் வளர்ந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

வீடுகளில் பெரிய பங்கு இந்திய உதவித் திட்டத்தில் வந்தது. 1,000 வீடுகள் பரீட்சார்த்தமாகக் கட்டப்பட்டன. பிறகு 2012 ஐப்பசி 2 இல் தொடங்கிய கட்டத்தில் வடக்கு கிழக்குக்கு 45,000 வீடுகள். ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய், குறைந்தது 550 சதுர அடி, கட்டுவது பயனாளியே. காசு ஒப்பந்தகாரர் கைக்குப் போகாமல் கட்டம் கட்டமாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கு வந்தது. அத்திவாரம் முடிந்தால் படம் எடுத்து உறுதிப்படுத்துவார்கள், அடுத்த கட்டம் வரும். என் பார்வையில் வன்னி கண்ட வீட்டுத் திட்டங்களில் உருப்படியானது இந்த முறைதான். ஒரு தாய் தானே மணல் விலை பேசி, தானே மேசனைப் பிடித்து, கதவு எந்தப் பக்கம் வர வேண்டும் என்று தானே தீர்மானித்தாள். காசு போதவில்லை என்பதும் உண்மை. சுவருக்கு நகையை அடைவு வைத்து, கூரைக்கு நுண்கடன் எடுத்து முடித்த வீடுகள் எத்தனையோ. முடித்த வீட்டில் இருந்துகொண்டு கிழமைக் கடனுக்கு ஒளித்துத் திரிந்த பெண்களின் கதை இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

2016 இல் இன்னொரு திட்டம் வந்தது. ஆர்செலர் மித்தல் நிறுவனத்தின் 65,000 இரும்புப் பொருத்து வீடுகள், ஒன்று சுமார் 21 லட்சம் ரூபாய். எங்கள் வெயிலுக்குள் இரும்பு வீடா, பிறகு ஒரு அறை கூட்டிக் கட்ட முடியுமா, கடற்காற்றில் எத்தனை வருடம் நிற்கும் என்று மக்களும் பொறியியலாளர்களும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். அதில் பாதிச் செலவில் கல்வீடு கட்டலாம் என்று கணக்குக் காட்டினார்கள். இரும்பு வீட்டுத் திட்டம் கைவிடப்பட்டது. எதிர்த்தது சரிதான். ஆனால் இழுபறியில் போன வருடங்களைத் தறப்பாளுக்குள் இருந்தவர்கள்தான் சுமந்தார்கள்.

அப்புறம் வந்தது பாதி வீடுகளின் காலம். 2018, 2019 இல் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை மாதிரிக் கிராமங்களையும் தனி வீடுகளையும் அவசர அவசரமாகத் தொடங்கியது. அடிக்கல் நடும் விழா, பந்தல், முதல் கட்டக் காசு. 2019 கார்த்திகையில் ஆட்சி மாறியது, அடுத்த கட்டங்கள் நின்றன. இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் அத்திவாரம் வெட்டியவர்கள் நடுவெளியில் நின்றார்கள். பிறகு கொரோனா, அதற்குப் பிறகு 2022. ஆயிரம் ரூபாயை ஒட்டி நின்ற சீமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. கம்பியும் மின்குமிழும் ஓடும் அதோடு சேர்ந்து ஏறின. பழைய மதிப்பீட்டில் கூரைக்கென்று எழுதியிருந்த காசு இப்போது வளை மரத்துக்கே காணாது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது, அவர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. பயனாளி தெரிவு புள்ளிகளை வைத்துத்தான் நடந்தது. குடும்பத்தில் ஆள் கூடினால், சிறுபிள்ளைகளும் வயோதிபரும் இருந்தால் புள்ளி கூடும். தனித்து இருந்த கிழவி, அப்போதுதான் கலியாணம் முடித்த சோடி, கணவனைத் தேடிக்கொண்டு ஒரு பிள்ளையோடு இருந்த தாய், இவர்கள் பட்டியலின் அடியில் போனார்கள். அன்று புதுச் சோடியாக இருந்தவர்களுக்கு இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். இராணுவத்திடம் இருந்து காணி விடுபடாததால் பட்டியலுக்கே வராதவர்கள் வேறு. கேப்பாப்புலவில் 2017 இல் வீதியோரம் பந்தல் போட்டு இருந்த மக்களுக்கு வீட்டுக் காசு கொடுத்தாலும் அதைக் கொட்டக் காணி கையில் இருக்கவில்லை.

எந்தக் காசை எப்படித் தொடலாம்

பாதி வீட்டை முடிப்பதற்கும் புது வீடு கட்டுவதற்கும் காசின் கணக்கு வேறு. ஒரு கணக்குக்கு, ஒரு கூரையைப் போட்டுக் கதவு யன்னல் பூட்ட எட்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வீதி வேலையில் விலைமனு குறைந்து நாற்பது லட்சம் மிஞ்சினால் ஐந்து குடும்பம் அடுத்த மாரிக்கு நனையாது. அதே நாற்பது லட்சத்தில் புது வீடு என்றால் ஒன்றோ இரண்டோதான். இன்னொன்று, கூரை போடுவது நாலு கிழமை வேலை. ஆடியில் காசு கிடைத்தால் ஆவணியில் முடியும், நிதி ஆண்டுக்குள் பில்லும் கொடுக்கலாம். சின்னதும் கெதியானதுமான வேலைக்குத்தான் வருட நடுவில் கிடைக்கும் மிச்சம் பொருந்தும். அதனால்தான் மிஞ்சும் காசுக்கு முதல் உரிமை நின்றுபோன வீடுகளுக்கு என்று சொல்கிறேன்.

தலைப்புகளின் முடிச்சுக்கு வருவோம். மத்திய அமைச்சுகளின் காசில் எங்களுக்குள்ள பிடி குறைவு. ஆனால் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தத்தின்படி வீடமைப்பும் நிர்மாணமும் மாகாணப் பட்டியலில் இருக்கின்றன. மாகாணத்துக்கு வரும் அபிவிருத்திக் கொடைக்குள் வீதியும் பாடசாலையும் வீடும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால், ஒரு வேலையின் மிச்சத்தை இன்னொன்றுக்குத் திருப்ப அங்கே வழி அகலம். ஒவ்வொரு வருடமும் ஆடி 15 வரைக்கும் அடையாளம் காணப்படும் மிச்சத்தில் இவ்வளவு வீதம் பாதி வீடுகளை முடிக்க என்று மாகாணத்தில் ஒரு நியதிச்சட்டம் (மாகாணசபை இயற்றும் சட்டம்) செய்யலாம். செய்வது யார்? வட மாகாணசபை 2013 புரட்டாதியில் முதன்முதலாகத் தெரிவானது. 2018 ஐப்பசியில் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் செயலாளர்களும் நடத்துகிறார்கள். நியதிச்சட்டம் செய்யச் சபை வேண்டும். மாகாணசபைத் தேர்தலை அரசியல்வாதிகளின் கதிரைக் கதையாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு அந்த லிண்டல் மட்டச் சுவரைக் காட்ட வேண்டும். கதிரை காலியாக இருப்பதன் விலை அங்கே தெரியும். சபை வரும்வரை ஆளுநரின் கீழ் நிர்வாகச் சுற்றறிக்கையாகவாவது இதைத் தொடங்கலாம். சட்டத்தின் பலம் அதற்கு இராது, ஆனாலும் ஒரு நடைமுறை பழக்கத்துக்கு வரும்.

மூன்றாவது ஒரு காசு இருக்கிறது, அதை நாங்கள் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. உள்ளூராட்சி சபைகளின் சொந்த நிதி. ஆதனவரி, சந்தைக் குத்தகை, கடை வாடகை, முத்திரை வரி, நீதிமன்றத் தண்டப்பணம் எல்லாம் சபை நிதிக்குள் வரும். இது மார்கழி 31 இல் காலாவதியாகாது, திறைசேரிக்கும் போகாது, சபையின் கணக்கிலேயே இருக்கும். வவுனியா மாநகரசபைக்கு இது கணிசமானது, மாந்தை கிழக்கு மாதிரியான சபைக்குச் சொற்பம். 2023 இல் சபைகளின் காலம் முடிந்து, 2025 வைகாசித் தேர்தலுக்குப் பிறகுதான் மீண்டும் தெரிவான உறுப்பினர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சபைக் காசை நேரே ஒருவரின் கூரையில் போடுவதைவிட, வீட்டைச் சுற்றியுள்ளவற்றில் போடச் சொல்லலாம்: ஒழுங்கைக்கு மதகு, பொதுக் கிணறு, மலசலகூடம். பாதி வீடுகள் நெருக்கமாக இருக்கும் வட்டாரத்தில் சபை இதைப் பொறுப்பெடுத்தால் வீட்டுக் காசு முழுதும் கூரைக்குப் போகும். மதகு இல்லாத ஒழுங்கைக்கு ஓட்டு லொறி வராது. தலையில் சுமந்து கொண்டுபோகும் கூலியையும் அந்தத் தாய்தான் கொடுக்கிறாள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஆயத்தமாக இருக்க வேண்டியது ஒரு பட்டியல். யாருடைய வீடு எந்த மட்டத்தில் நிற்கிறது, காணிக்கு உறுதியா அனுமதிப்பத்திரமா, முடிக்க இன்றைய விலையில் எவ்வளவு. கிராம அலுவலர்களுக்கு இதில் முக்கால்வாசி மனப்பாடம். ஆனால் அது பிரதேச செயலகத்தில் மதிப்பீட்டோடும் கையொப்பத்தோடும் கோப்பாக இருந்தால்தான் ஆடியில் காசு மிஞ்சுகிற அன்று வேலை தொடங்கும். இல்லாவிட்டால் ஆவணியில் படிவம் அச்சடிப்பார்கள், புரட்டாதியில் நேர்முகம் வைப்பார்கள், ஐப்பசியில் மழை வந்துவிடும். பட்டியலைப் பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டவும் வேண்டும். யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு, ஏன் என்று எல்லாரும் பார்க்கட்டும். கட்சிக்காரரின் தொலைபேசி அழைப்பில் பெயர் மேலேறுவதை நிறுத்த வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வரிசையைத் தீர்மானிக்கும்போது பழைய புள்ளிக் கணக்கில் அடியில் விழுந்த தனிப் பெண்களும் சிறு குடும்பங்களும் இந்த முறையும் அடியில் விழக் கூடாது. எத்தனை வருடமாக நனைகிறார்கள் என்பதற்கும் புள்ளி இருக்கட்டும்.

கட்டும் வேலை மறுபடி ஒப்பந்தகாரரிடம் போகாமல் வீட்டுக்காரரின் கையிலேயே இருக்க வேண்டும். மணலுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். வன்னி ஆறுகளில் இருந்து ரிப்பர் ரிப்பராக மணல் வெளியே போகிறது, ஆற்றங்கரையில் இருக்கும் குடும்பம் ஒரு லோட்டுக்கு அனுமதிப்பத்திரம் எடுக்க அலைகிறது. பட்டியலில் உள்ள வீட்டுக்கு அந்த அனுமதியும் கோப்போடு சேர்ந்தே கொடுபட வேண்டும்.

அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள், எவ்வளவு திரும்பிப் போனது என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேளுங்கள். இந்த வருடம் எந்தெந்த ஒப்பந்தம் மதிப்பீட்டைவிடக் குறைவாக எழுதப்பட்டது, அந்த மிச்சம் இப்போது எந்தத் தலைப்பில் கிடக்கிறது, பிரதேச செயலகத்தில் பாதி வீட்டுப் பட்டியல் இருக்கிறதா. ஆனியில் கேட்க வேண்டும். கம்பி இன்னும் முழுதாக உக்கிவிடவில்லை. நான் போனபோது ஏ35 ஓரத்து வீட்டின் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தேன், கல் உறுதியாகத்தான் இருந்தது. மேசன் வந்து பார்த்துவிட்டு லிண்டலுக்கு மேலே மூன்று வரி கல்லும் கூரையும்தான் வேலை என்று சொல்லிவிட்டுப் போனாராம். எத்தனை ஓடு, எத்தனை அடி மரம், எத்தனை பை சீமெந்து என்று அந்த அம்மா பிள்ளையின் பழைய கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். விலை மாறும்போதெல்லாம் பழையதை வெட்டிவிட்டு, பக்கத்தில் புதியதை எழுதுகிறார்.